நாற்பது படம், ஒரு அலமாரி: சட்டக் கல்லூரி நூலகத்துக்கு எதை வாங்குவது?

எனக்குப் பழக்கமான நூலகர் ஒருவர் சட்டக் கல்லூரியில் வேலை பார்க்கிறார். பழைய தீர்ப்புத் தொகுதிகள் பலவும் கணினிக்குப் போய்விட்டதில் அவருக்கு ஒரு கண்ணாடி அலமாரி காலியானது. வக்கீல், கோர்ட், வழக்கு சம்பந்தப்பட்ட படங்களை அதில் வைக்கலாம் என்று கல்லூரியில் முடிவாயிற்று. நாற்பது படம், அதற்கு மேல் கிடையாது. மூன்று பட்டியல்களைக் கொண்டுவந்து என் மேஜையில் போட்டு, "நீங்களே சொல்லுங்க சார், கோர்ட்டுக்கும் போறீங்க, சினிமாவும் பாக்குறீங்க" என்றார்.

ஒன்று மூத்த பேராசிரியர் கொடுத்தது, முழுக்க ஹாலிவுட். இன்னொன்று மாணவர்கள் கொடுத்தது, முழுக்கத் தமிழ். மூன்றாவது நூலகரே ஒரு பழைய கேட்லாக் அட்டையின் பின்பக்கம் பென்சிலில் எழுதியது. பத்துப் பன்னிரண்டு பெயர்தான், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு வழக்கின் பெயர். அதைக் காட்டவே கூச்சப்பட்டார். என் ஓட்டு அந்த அட்டைக்குத்தான். மற்ற இரண்டையும் ஏன் அப்படியே ஏற்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பேராசிரியர் பட்டியல்

அமெரிக்கத் திரைப்படக் கழகம் 2008-ல் பத்துச் சிறந்த நீதிமன்றப் படங்கள் என்று ஒரு வரிசை வெளியிட்டது. முதலிடம் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' (1962), அடுத்தது '12 ஆங்ரி மென்' (1957). 'தி வெர்டிக்ட்', 'விட்னஸ் ஃபார் தி பிராசிக்யூஷன்', 'அனாடமி ஆஃப் எ மர்டர்', 'ஜட்ஜ்மென்ட் அட் நூரம்பர்க்' எல்லாம் அதில் உண்டு. பேராசிரியர் அந்தப் பத்தையும் எடுத்து, மேலே இருபது சேர்த்திருந்தார். மோசமான படம் என்று அதில் ஒன்றுகூட இல்லை. ஆனால் நம் மாணவன் நாளைக்குப் போய் நிற்கப்போகும் கோர்ட் அதில் எங்கேயும் இல்லை.

'12 ஆங்ரி மென்' படத்தையே எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு ஜூரிகள் (எதிரி குற்றவாளியா இல்லையா என்று தீர்மானிக்கும் சாதாரணக் குடிமக்கள்; 'எதிரி' என்றால் கோர்ட் மொழியில் குற்றம் சாட்டப்பட்டவர்), ஒரு அறை, ஒன்றரை மணி நேரம். நம்மிடம் ஜூரி இல்லை. 1959-ல் கடற்படை அதிகாரி நானாவதியை, மனைவியின் காதலரைச் சுட்டுக் கொன்ற வழக்கில், பம்பாய் ஜூரி எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் குற்றவாளி அல்ல என்றது. செஷன்ஸ் நீதிபதி அதை ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. 1961-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 1973-ன் குற்றவியல் நடைமுறைச் சட்டம் வந்தபோது ஜூரிக்கு அதில் இடமே இல்லை. பார்சி திருமண வழக்குகளில் மட்டும் அதன் மிச்சம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அமெரிக்காவிலேயேகூட அந்தப் படத்தை நடைமுறைப் பாடமாகக் கொள்ள முடியாது. ஜூரிகளில் ஒருவராக வரும் ஹென்றி ஃபோண்டா வெளியே போய் அதே மாதிரிக் கத்தி ஒன்றை வாங்கி வந்து மேஜையில் குத்துவார் அல்லவா? ஜூரி தானே சாட்சியம் தேடிப் போவது அங்கே தவறு. இந்தப் படம்தான் தனக்குச் சட்டத்தின் மேல் ஆசையை உண்டாக்கியது என்று சொன்ன அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி சோனியா சோட்டோமேயர், கீழ் நீதிமன்றத்தில் இருந்தபோது இதைப் பார்த்து நடக்க வேண்டாமென்று ஜூரிகளிடம் சொல்வதுண்டாம். இருந்தும் நான் அதை வாங்கச் சொன்னேன். 'சந்தேகத்தின் பலன் எதிரிக்கு' என்று நாம் தினமும் வாயால் சொல்லும் வாக்கியத்துக்கு எவ்வளவு கனம் என்று அதைவிட நன்றாகக் காட்டிய படம் எனக்குத் தெரியாது. பாசு சாட்டர்ஜி 1986-ல் அதையே இந்தியில் 'ஏக் ருகா ஹுவா ஃபைஸ்லா' என்று எடுத்தார், ஜூரியே இல்லாத நாட்டில் ஒரு ஜூரி அறை! இரண்டும் தேவையில்லை, மூலம் போதும்.

'அனாடமி ஆஃப் எ மர்டர்' கட்டாயம் இருக்க வேண்டும். கதை எழுதியவர் மிச்சிகன் மாநில உச்ச நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர், புனைபெயரில் எழுதினார். படத்தில் நீதிபதியாக நடித்த ஜோசப் வெல்ச் நிஜ வக்கீல், கம்யூனிஸ்ட் வேட்டை நடத்திய செனட்டர் மெக்கார்த்தியை விசாரணையில் நேருக்கு நேர் எதிர்த்துப் பேசிப் பெயர் பெற்றவர். அதில் ஒரு காட்சியில் வக்கீல் தன் கட்சிக்காரரிடம் "இப்படிச் சொல்" என்று சொல்ல மாட்டார். கொலைக்குச் சட்டத்தில் என்னென்ன எதிர்வாதம் உண்டு என்று பாடம் நடத்துவார், அவ்வளவுதான். கட்சிக்காரர் தனக்குத் தோதான பதிலைத் தானே கண்டுபிடித்துக்கொள்வார். தொழில் நெறி வகுப்பில் அந்த ஒரு காட்சியைப் போட்டுவிட்டு வாத்தியார் வெளியே போய் டீ குடித்துவிட்டு வரலாம், வகுப்பு தானே சண்டை போட்டுக்கொள்ளும்.

பேராசிரியர் விட்டுவிட்ட ஒரு படம் உண்டு, 'மை கசின் வின்னி' (1992). சிரிப்புப் படம் என்பதால் விட்டாரோ என்னவோ. அமெரிக்க வக்கீல் சங்கத்தின் இதழ் 2008-ல் போட்ட இருபத்தைந்து படப் பட்டியலில் அதற்கு மூன்றாம் இடம். சம்பவ நேரம் ஐந்தே நிமிடம் என்கிறார் ஒரு சாட்சி. அன்று காலை என்ன சமைத்தீர்கள் என்று கேட்கிறார் வக்கீல். சோள ரவைக் கஞ்சி. அது வேக இருபது நிமிடம் ஆகுமே, உங்கள் வீட்டு அடுப்பு மட்டும் வேறா? அவ்வளவுதான், சாட்சி விழுந்துவிட்டார். கத்தல் இல்லை, கண்ணீர் இல்லை. குறுக்கு விசாரணையை இவ்வளவு சுத்தமாக வேறு படத்தில் நான் பார்க்கவில்லை. 'நூரம்பர்க்' மூன்று மணி நேரப் படம். நாஜி ஆட்சியின் நீதிபதிகளே குற்றவாளிக் கூண்டில் நிற்பதால் அதற்கும் இடம் உண்டு. மீதிக்கு அவசரமில்லை.

மாணவர் பட்டியல்

'பராசக்தி', 'கௌரவம்', 'விதி', 'சட்டம் ஒரு இருட்டறை', 'மனிதன்', 'நேர்கொண்ட பார்வை', 'ஜெய் பீம்'. இதன் பெரிய பலம் மொழி. தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைக்கு சப்டைட்டிலோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. பலவீனம், இதில் பாதிப் படங்களில் கோர்ட் என்பது மேடைதான். 'விதி' (1984) கோர்ட் வசனத்தை எங்கள் ஊரில் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்டிருக்கிறோம், படம் பார்க்காதவனுக்கும் வக்கீலாக வரும் நடிகை சுஜாதாவின் வாதம் மனப்பாடம். கேட்கச் சுகம்தான். நிஜ கோர்ட்டில் அப்படி ஒரு பத்தி பேசி முடிப்பதற்குள் எதிர்த்தரப்பு நான்கு முறை எழுந்திருப்பார்.

அதற்காக ஒதுக்கிவிடவும் முடியாது, வேறு கோணத்தில் பார்த்தால் பாடம் கிடைக்கிறது. 'பராசக்தி'யில் (1952) குணசேகரன் கூண்டில் நின்று பேசுவது வழக்கு மொழியில் எது? எதிரியிடம் நீதிமன்றம் நேரடியாகக் கேட்டுப் பதிவு செய்யும் வாக்குமூலம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 313-ம் பிரிவாக இருந்தது, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 351. இன்று ஒரு செஷன்ஸ் கோர்ட்டில் போய் உட்கார்ந்து பாருங்கள். "உமக்கு எதிராகச் சாட்சிகள் இப்படிச் சொல்கிறார்களே?" என்று கேட்பார்கள், "பொய்" என்பார் எதிரி. அடுத்த கேள்வி, மறுபடி "பொய்". எதிரிக்குச் சட்டம் கொடுத்த வாய்ப்பு, அது ஒற்றைச் சொல்லில் தீர்ந்து போகிறது. அந்தப் பக்கம் குணசேகரன், இந்தப் பக்கம் இந்தப் "பொய்". இரண்டையும் ஒரே நாளில் பார்த்த மாணவன் அந்தப் பிரிவை மறக்கமாட்டான்.

'கௌரவம்' (1973) படத்தை வக்கீல்கள் தனியாகவே பேச வேண்டும். பாரிஸ்டர் ரஜினிகாந்த் (சிவாஜி நடித்த பாத்திரத்தின் பெயர்), நீதிபதி பதவி கிடைக்காத ஆத்திரத்தில், குற்றம் செய்தவன் என்று தெரிந்தே ஒருவனுக்கு விடுதலை வாங்கித் தருகிறார். குற்றம் சாட்டப்பட்டவர் குற்றவாளி என்று மனதுக்குப் பட்டாலும் அவருக்காக வாதாட வேண்டியது வக்கீலின் கடமை என்கின்றன பார் கவுன்சில் விதிகள். அப்படியானால் பாரிஸ்டர் செய்த தப்பு என்ன? பலரும் சிவாஜியின் பைப்பையும் நடையையும் பார்த்துவிட்டு இந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

'மனிதன்', 'ஜாலி எல்எல்பி'யின் மறு ஆக்கம். 'நேர்கொண்ட பார்வை', 'பிங்க்' படத்தின் மறு ஆக்கம். நாற்பதே இடம் உள்ள அலமாரியில் ஒரே கதைக்கு இரண்டு இடம் கொடுக்கக் கூடாது. 'பிங்க்' (2016) போதும், சம்மதம் என்றால் என்ன என்று 2013-ல் சட்டத்தில் சேர்த்த விளக்கத்தோடு சேர்த்துப் படிக்கலாம்.

தமிழ்ப் படங்களோடு கூடவே ஒரு 'தப்புத் தாள்' வைக்கும்படி சொன்னேன். நம் நீதிபதிகள் மரச்சுத்தியல் தட்டுவதில்லை. கீதையில் கை வைத்து யாரும் சத்தியம் செய்வதில்லை. 1969-ன் சத்தியப் பிரமாணச் சட்டத்தில் புத்தகத்துக்கே வேலையில்லை, கடவுள் பெயரால் சொல்லலாம், கடவுள் வேண்டாமென்றால் உளமார உறுதி கூறலாம். சிவில் வழக்கில் முதல் விசாரணையே (சாட்சியை அழைத்த தரப்பு கேட்டுப் பதிவு செய்வது) பெரும்பாலும் பிரமாணப் பத்திரமாகத்தான் வருகிறது. கடைசி நிமிடத்தில் கதவைத் திறந்துகொண்டு ஓடிவரும் சாட்சியைப் பற்றி நான் என்ன சொல்ல? முப்பது வருடமாகக் காத்திருக்கிறேன், ஒருவரும் வரவில்லை.

பென்சில் அட்டை

நூலகர் செய்தது எளிய காரியம். 'நல்ல கோர்ட் படம் எது?' என்று அவர் கேட்கவில்லை. எந்தப் படத்தின் பக்கத்தில் ஒரு தீர்ப்பை வைக்க முடியும் என்று கேட்டிருந்தார். சினிமா பார்க்க மாணவனுக்கு ஆயிரம் இடம் இருக்கிறது. தீர்ப்பும் படமும் ஒரே தட்டில் கிடைப்பது சட்ட நூலகத்தில் மட்டும்தான்.

அட்டையில் முதல் பெயர் 'ஒரே ஒரு கிராமத்திலே'. முற்பட்ட சாதியில் பிறந்த பெண் 'கருப்பாயி' என்ற பெயரில் பொய்ச் சான்றிதழ் பெற்று வேலைக்குப் போகும் கதை. இட ஒதுக்கீட்டைக் குறை சொல்கிறது என்று தமிழ்நாட்டில் பெரிய எதிர்ப்பு. சென்னை உயர் நீதிமன்றம் தணிக்கைச் சான்றிதழையே ரத்து செய்தது. 1989 மார்ச் 30 அன்று எஸ். ரங்கராஜன் எதிர் பி. ஜெகஜீவன் ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிக் கொடுத்தது. கருத்துச் சுதந்திரத்தைத் தடுக்க வேண்டுமென்றால் ஆபத்து எங்கோ தொலைவில் இருந்தால் போதாது, வெடிமருந்துப் பீப்பாயில் விழும் பொறி போல நெருங்கியிருக்க வேண்டும் என்ற கருத்து அந்தத் தீர்ப்பில்தான் வருகிறது. சட்டம் படித்த எல்லோரும் இந்தத் தீர்ப்பைப் படித்திருக்கிறோம். படத்தைப் பார்த்தவர் எத்தனை பேர்? படம் சொல்லும் கருத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. தனக்குப் பிடிக்காத ஒன்றின் உரிமைக்காக வாதாடிப் பழக இதைவிடத் தோதான சரக்கு கிடைக்காது.

அடுத்தது 'நியூ டெல்லி' (1956). இது சட்டக் கல்லூரி அலமாரிக்கு ஏன் என்று முதலில் எனக்கும் பிடிபடவில்லை. கிஷோர் குமார், வைஜயந்திமாலா நடித்த இந்திப் படம். டில்லியில் வாடகைக்கு வீடு கிடைக்காத பஞ்சாபிப் பையன் தென்னிந்தியன் போல வேஷம் போட்டு, தமிழ்ப் பெண்ணைக் காதலிப்பான். தன் 'ஹம் ஹிந்துஸ்தானி' நாடகத்தைத்தான் சுட்டுவிட்டார்கள் என்று ஆர்.ஜி. ஆனந்த் வழக்குப் போட்டார். 1978-ல் உச்ச நீதிமன்றம், கருவுக்குப் பதிப்புரிமை கிடையாது, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் உண்டு என்று சொல்லி வழக்கைத் தள்ளியது. இன்றைக்குக் கோடம்பாக்கத்தில் 'கதைத் திருட்டு' என்று யார் படியேறினாலும் எதிர்த்தரப்பு முதலில் எடுத்து நீட்டுவது இந்தத் தீர்ப்பைத்தான். படத்தைப் பார்த்தால் அந்தக் கோடு எவ்வளவு மெல்லியது என்று புரிகிறது.

பிறகு ஒரு ஜோடி, 'ஜெய் பீம்' (2021), 'பிறவி' (1989). மாணவர் பட்டியலிலும் பென்சில் அட்டையிலும் சேர்ந்தே வரும் ஒரே படம் 'ஜெய் பீம்'. 1993-ல் போலீஸ் காவலில் காணாமல் போன ராஜாக்கண்ணுவுக்காக, பிற்பாடு நீதிபதியான வக்கீல் கே. சந்துரு நடத்திய ஆட்கொணர்வு வழக்குதான் அதன் அடிப்படை. ஆட்கொணர்வு மனுவில் வழக்கமாகச் சாட்சி விசாரிப்பதில்லை. அதற்கு வழி தேடும்போது படத்தில் கேரளத்து ராஜன் வழக்கைக் காட்டுவார்கள். நெருக்கடி நிலையின்போது 1976-ல் கோழிக்கோடு பொறியியல் கல்லூரி மாணவர் ராஜனைப் போலீஸ் பிடித்துப் போனது. அப்பா ஈச்சர வாரியர் தொடுத்த வழக்கின் அதிர்ச்சியில் 1977-ல் முதலமைச்சர் கருணாகரனே பதவி விலகினார். அந்த அப்பாவின் சாயலில் ஷாஜி என். கருண் எடுத்தது 'பிறவி'. அதில் வாதப் பிரதிவாதமே கிடையாது. வராத பிள்ளைக்காக ஒரு கிழவர் தினமும் போய்க் காத்திருப்பார், அவ்வளவுதான். முதல் படத்தில் மனு எப்படி ஜெயிக்கிறது என்று தெரிகிறது. மனு ஜெயித்தாலும் ஆள் வராத வீடு எப்படி இருக்கும் என்று இரண்டாவதில் தெரிகிறது. இரண்டுக்கும் நடுவில் ராஜன் தீர்ப்பை வைத்துவிட்டால் ஒரு மாதத்துக்கான பாடம் தயார்.

நானாவதி வழக்கை வைத்து மூன்று இந்திப் படங்களைச் சொல்வார்கள்: 'யே ராஸ்தே ஹைன் பியார் கே' (1963), குல்சாரின் 'அச்சானக்' (1973), 'ருஸ்தம்' (2016). படமாகப் பார்த்தால் 'அச்சானக்'தான் மேல். வகுப்புக்கு நான் 'ருஸ்த'மை எடுத்தேன். ஜூரி விடுதலை செய்வதோடு கைதட்டலுடன் அது முடிந்துவிடும், உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் செய்தது படத்துக்கு வெளியே நிற்கும். சினிமா எந்த இடத்தில் கையைக் கழுவுகிறது என்று மாணவன் தானே கண்டுபிடிக்கட்டும்.

ஆனால் ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் சைதன்ய தம்ஹானேயின் 'கோர்ட்' (2014). நாட்டுப்புறப் பாடகர் ஒருவர் பாடிய பாட்டைக் கேட்டுச் சாக்கடைத் தொழிலாளி தற்கொலை செய்துகொண்டார் என்று சொல்லி, பாடகர் மேல் தற்கொலைக்குத் தூண்டிய வழக்கு. அரசு வக்கீல் பிரிவுகளை ரேஷன் கடைக் கணக்கு மாதிரி ஒப்பிப்பார். நீதிபதி சொல்லச் சொல்ல டைப் அடிப்பார்கள். கையில்லாத மேல்சட்டை போட்டு வந்த பெண்ணின் வழக்கை எடுக்க மறுத்து வாய்தா போடுவார்கள். சாயந்திரம் அரசு வக்கீல் ரயிலில் வீட்டுக்குப் போய்ச் சமைப்பார். இதில் வில்லன் இல்லை. எல்லோரும் தங்கள் வேலையைச் செய்கிறார்கள், ஒரு மனிதர் உள்ளே கிடக்கிறார். முதல் வருட மாணவனுக்கு இதைக் காட்டினால் தூங்குவான். ஆறு மாதம் சீனியரிடம் கேஸ் கட்டுத் தூக்கிவிட்டு வந்து பார்த்தால் தூங்கமாட்டான்.

சிவில் வழக்குக்குச் சினிமாவில் பஞ்சம். வாடகை வீட்டைப் பழுது பார்க்கச் சொல்லி ஒரு கிழட்டுத் தம்பதி போடும் வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும் 'மோகன் ஜோஷி ஹாசிர் ஹோ!' (1984) அந்தக் குறையைத் தீர்க்கும். ரோட்டுக் குழியால் வந்த வினையை வைத்துத் திருடன் ஒருவன் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் அமைச்சரையே இழுக்கும் மலையாளப் படம் 'ந்நா தான் கேஸ் கொடு' (2022) ஜூனியர்களுக்குக் கொண்டாட்டம். 2010-ல் சுட்டுக் கொல்லப்பட்ட வக்கீல் ஷாஹித் ஆஸ்மியைப் பற்றிய 'ஷாஹித்', கைதின்போது போலீஸ் என்னென்ன செய்ய வேண்டும் என்று சொன்ன டி.கே. பாசு தீர்ப்போடு வைக்க 'விசாரணை' (2015), இவையும் உள்ளே.

டிஸ்க்கா, ஓ.டி.டி.யா?

இங்கேதான் நூலகருக்கு நிஜமான தலைவலி. 'ஜெய் பீம்' நேராக ஓ.டி.டி.யில் வந்த படம். நூலகம் சந்தா கட்டினாலும் எதுவும் அதற்குச் சொந்தமாகாது. நிறுவனம் எடுத்துவிட்டால் அலமாரியில் வெறும் பெயர்ச்சீட்டுதான் மிஞ்சும். சந்தா ஒப்பந்தங்களும் பொதுவாகத் தனிப்பட்ட, வீட்டு உபயோகத்துக்கு என்றே சொல்கின்றன. பதிப்புரிமைச் சட்டம் 52-ம் பிரிவு, கல்வி நிறுவனத்தின் செயல்பாடாக, ஆசிரியர், மாணவர், பெற்றோர், நிறுவனத்தோடு தொடர்புடையோர் மட்டும் பார்க்கும்படி படம் காட்டுவது உரிமை மீறலல்ல என்கிறது. சட்டம் விடுகிறது, ஒப்பந்தம் பிடிக்கிறது. இரண்டில் எது நிற்கும்? வருகிற மூட் கோர்ட்டுக்கு (மாணவர்கள் வாதாடிப் பழகும் மாதிரி நீதிமன்றம்) இதையே தலைப்பாகக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்தப் பாதுகாப்பை நம்பி ஊரைக் கூட்டித் திரையிடக் கூடாது.

டிஸ்க் என்றால் சொந்தம். ஆனால் மோசர் பேர் முப்பது ரூபாய் சொச்சத்துக்குத் தமிழ்ப் படம் விற்ற காலம் போய்விட்டது. அந்த நிறுவனமே 2018-ல் கலைப்புக்குப் போயிற்று. பழைய டிஸ்க்கைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வெளிநாட்டு டிஸ்க்கில் மண்டலப் பூட்டு வேறு: அமெரிக்க டி.வி.டி. மண்டலம் 1, நம்முடையது 5; ப்ளூ-ரேயில் அவர்களுக்கு ஏ, நமக்கு சி. பூட்டில்லாத பிளேயர் ஒன்றை முதலில் வாங்கிக்கொண்டு பிறகு படம் வாங்குங்கள் என்றேன். டிஸ்க்கைப் பிரதி எடுத்து வைக்கலாமா என்றார். பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்க அந்தப் பிரிவு லாப நோக்கமற்ற பொது நூலகத்துக்கு அனுமதி தருகிறது, ஆனால் கையில் இருப்பது 'டிஜிட்டல் அல்லாத' பிரதியாக இருக்க வேண்டும். பூஞ்சை பிடித்த வீடியோ கேசட்டுக்கு இருக்கும் சலுகை, பளபளக்கும் டி.வி.டி.க்குக் கிடைப்பது சந்தேகம். கல்லூரி நூலகம் 'பொது நூலக'மா என்பது அதற்கு மேல் ஒரு சண்டை.

பழைய படங்களில் கொஞ்சம் மூச்சு விடலாம். படத்தின் பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம். 'பராசக்தி'க்கு அந்தக் கணக்கு 2012-ஓடு தீர்ந்தது. வசனமும் பாட்டும் தனிக் கணக்கு, எழுதியவர் இறந்த பிறகு 60 வருடம்.

எனவே முடிவாகச் சொன்னது இது. எது டிஸ்க்காகக் கிடைக்கிறதோ அதை டிஸ்க்காகவே வாங்க வேண்டும். ஓ.டி.டி.யில் மட்டும் இருப்பதற்கு அலமாரியில் ஒரு காலி உறை, அதற்குள் தீர்ப்பின் நகலும் படக் குறிப்பும். நாற்பதில் இருபத்திரண்டு பென்சில் அட்டை வழியில், பத்து தமிழ், எட்டு வெளிநாடு. பேராசிரியர் கொஞ்சம் முகம் சுளித்தார். டெக்சாஸ் பல்கலைக்கழகச் சட்ட நூலகம் வெகுஜனக் கலையில் சட்டம் என்றே தனித் தொகுப்பு வைத்து நாவல், படம், போஸ்டர்கூடச் சேர்க்கிறது, அவர்கள் ஊர்க் கதையை அவர்கள் சேர்க்கிறார்கள், நாம் நம் ஊருடையதைச் சேர்ப்போமே என்றேன். சரி என்றார், 'நூரம்பர்க்'கை மட்டும் யாரும் தொடக் கூடாது என்ற நிபந்தனையோடு.

கேட்லாக் அட்டையில் புதிதாக ஒரு வரி சேர்த்திருக்கிறோம். 2024 ஜூலை 1-க்கு முந்தைய எந்த இந்தியப் படத்திலும் 302 என்றால் கொலை, 420 என்றால் மோசடி. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் அவை 103, 318. படத்தில் வரும் பிரிவு, அதன் இன்றைய எண், பக்கத்தில் வைத்துள்ள தீர்ப்பு, இந்த மூன்றும் அட்டையில் இருக்கும். முப்பத்தோரு அட்டை எழுதியாகிவிட்டது. 'ஒரே ஒரு கிராமத்திலே' அட்டையும் தயார், தீர்ப்பின் நகலும் உறைக்குள் போய்விட்டது. டிஸ்க்தான் இன்னும் எங்கள் கையில் சிக்கவில்லை. யாரிடமாவது இருந்தால், கேசட்டாக இருந்தால் இன்னும் நல்லது.